ஒரே இரவில் பவளம் சாவது ஏன்?

மாலையில் பச்சையும் ஊதாவுமாக ஒளிர்ந்த பவளம், மறுநாள் காலையில் வெள்ளை எலும்பாக நிற்கிறது!

அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும், ஜப்பானிலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உப்பு நீரை நிரப்பிப் பவளம் வளர்ப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு இந்தத் துயரம் நேருகிறது.

அப்போது என்ன செய்கிறார்கள்? கடைக்கு ஓடுகிறார்கள். கிடைத்த மருந்தை எல்லாம் தொட்டியில் ஊற்றுகிறார்கள். மிஞ்சியிருந்த பவளமும் செத்துப் போகிறது!

இது தவறு. நோய் இன்னது என்று தெரியாமல் மருந்து கொடுக்கலாமா?

பவளம் ஒரு பிராணி

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. அது ஒரு பிராணி. கல் பவளம் சுண்ணாம்பினால் தனக்கு வீடு கட்டிக் கொள்கிறது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. பவளத்துக்கும் பங்கு தருகிறது.

செத்துவிட்டதா?

வெளுத்த பவளம் எல்லாம் செத்த பவளம் அல்ல. பூதக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

சதை கண்ணாடி போல ஒட்டிக் கொண்டிருந்தால், பாசி மட்டுமே வெளியேறி இருக்கிறது. நீர் சூடானாலும், புது விளக்கின் வெளிச்சம் கடுமையாக இருந்தாலும் இப்படி ஆகும். காரணத்தை நீக்கினால் பவளம் பிழைக்க வழி உண்டு.

சதையே உரிந்து தொங்கினால் ஆபத்து! சில மணி நேரத்தில் ஒரு கிளை முழுவதும் உரிந்துவிடலாம். நல்ல நுனிகளை உடனே வெட்டித் தனியே வைத்தால், அவையாவது மிஞ்சக்கூடும்.

என்ன மாறியது?

அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். சில நாட்களுக்குள் தொட்டியில் என்ன மாறியது?

தொட்டி நீர் சுமார் 25 டிகிரி சூட்டில் இருப்பது நல்லது. ஹீட்டர் பழுதானால் ஓர் இரவில் சூடு ஏறிவிடும்.

ஒரு கிலோ கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்குச் சுத்தமான நல்ல தண்ணீரை ஊற்றாவிட்டால் உப்பு மிகுந்துவிடும்.

நீரின் காரத்தன்மை திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் கல் பவளம் தாங்காது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதற்கு விஷம். மீனின் நோய்க்கு ஊற்றும் செம்பு மருந்து மீனைக் காப்பாற்றும், பவளத்தைக் கொன்றுவிடும்!

அளக்கும் கருவியே பொய் சொல்வதும் உண்டு. ஆகவே, வேறொரு தெர்மாமீட்டரை வைத்துச் சரி பார்க்க வேண்டும். உப்பு அளக்கும் கருவியையும் அப்படியே சோதிக்க வேண்டும்.

காரணம் தெரியும் வரை, அதே சூடும் அதே உப்பும் உள்ள புது நீரால் ஐந்தில் ஒரு பங்கை மாற்றலாம். ஒரே நாளில் பத்து மாற்றம் செய்தால், எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று எவருக்கும் தெரியாது.

நோட்டுப் புத்தகம் போதும்

இதற்கெல்லாம் நல்ல மருந்து ஒரு நோட்டுப் புத்தகம்தான்! சூடு, உப்பு, காரத்தன்மை, புதிதாகச் சேர்த்த பொருள் ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதி வந்தால், குற்றவாளி அதிலேயே அகப்படுவான். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகூட இந்த வேலையைச் செய்யலாம்.

"செத்தால் வேறு வாங்கலாம், இத்தனை தொல்லை எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. கடலில் ஒரு பவளக் கிளை வளரப் பல ஆண்டுகள் ஆகும். கடலே சூடாகி வருகிறது. 2016-ல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டிலும், நம் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளுத்தன. இந்தியாவில் கல் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அருமையான உயிரை விளையாட்டுப் பொருளாக நினைக்கக் கூடாது. தினம் ஐந்து நிமிடம் அளந்து எழுதப் பொறுமை இல்லாதவர்கள், பவளம் வளர்க்காமல் இருப்பதே மேல்!