போன் எப்போது கைக்கு வருகிறது?

இரண்டரை வயதுப் பையன் எதற்கெடுத்தாலும் அடம் பிடிக்கிறான், கையில் கிடைத்ததை வீசுகிறான், அடிக்கிறான் என்று அழைத்து வருகிறார்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்கிறான்?" என்று கேட்கிறோம். "அரை மணி, ஒரு மணி இருக்கும் டாக்டர்" என்கிறார் அம்மா. அதைக் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அவர் பொய் சொல்லவில்லை. பாட்டியின் போனும் சித்தப்பாவின் போனும் நாள் முழுக்க ஓடும் டிவியும் யார் கணக்கிலும் வருவதில்லை. கணக்கு சரியாகவே இருந்தாலும், அந்தப் பையனின் நடத்தையைப் பற்றி அது நமக்குச் சொல்வது கொஞ்சம்தான். போன் எந்த வேளையில், எதற்காக அவன் கைக்கு வருகிறது என்று கேட்டு எழுதினால்தான் வைத்தியத்துக்கு வழி பிறக்கும்.

நேர வரம்புகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதலோ, 2 வயதுக்குள் உறவினருடன் எப்போதாவது பேசும் வீடியோ காலைத் தவிர எதுவும் வேண்டாம் என்கிறது. பெற்றோருக்கு இப்படி ஓர் எல்லைக்கோடு தேவைதான். நமக்கு அது போதாது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெனி ரடெஸ்கி குழுவினர் 3 முதல் 5 வயதுள்ள குழந்தைகளின் பெற்றோர் 422 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்து, 2022 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கேட்டது, குழந்தையைச் சமாதானப்படுத்த எத்தனை முறை போனைக் கொடுக்கிறீர்கள் என்பதை. அடிக்கடி அப்படிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடமும் இயல்பிலேயே துறுதுறுவென்று இருப்பவர்களிடமும், பின்வந்த மாதங்களில் உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடுதலாக இருந்தது. அடங்காத பிள்ளைக்குத்தான் போனும் அதிகம் கிடைக்கும் என்ற வாதத்தையும் ஒதுக்க முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றே நாம் கருதுகிறோம். கோபம் வந்து, அழுது, ஒரு பெரியவரின் தோளில் சாய்ந்து, மெல்ல அடங்குவது வரை முழுதாக அனுபவித்தால்தான் குழந்தைக்குத் தன்னைத் தானே தணித்துக்கொள்ள வரும். அழத் தொடங்கியதுமே போன் வந்துவிட்டால் அந்தப் பயிற்சி நடக்கவே நடக்காது.

சாப்பாட்டு வேளையைக் கவனியுங்கள். பாட்டு ஓடுகிறது, வாய் திறக்கிறது, கரண்டி போகிறது, விழுங்குகிறான். தட்டில் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கவேயில்லை. கையில் ஒரு பருக்கை ஒட்டவில்லை. வயிறு நிறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கமும் போய்விட்டது. அம்மாவும் பேசுவதில்லை, பேசினால் அவன் கவனம் கலைந்து வாயை மூடிக்கொள்வான். ஆஸ்திரேலியாவில் வீடுகளின் பேச்சொலியைப் பதிவுசெய்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. 3 வயதில், கூடுதலான ஒவ்வொரு நிமிடத் திரைக்கும் பெரியவர் பேச்சில் ஏறத்தாழ 6.6 சொற்கள் குறைந்திருந்தன என்கிறது அது. பேச்சு தாமதம், அடம், சாப்பாட்டுப் பிரச்சினை மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வருவதில் எனக்கு வியப்பில்லை.

ஓர் எச்சரிக்கை. திரை பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்ற பெயர் யூடியூப் வழியாகப் பெற்றோரிடம் பரவிவிட்டது. சில மருத்துவச் சீட்டுகளிலும் அதைக் காண முடிகிறது. டிஎஸ்எம்-5-இலோ ஐசிடி-11-இலோ அப்படி ஒரு நோய் கிடையாது. "போனை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவைத்தால், உண்மையிலேயே ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்த மூன்று மாதமும் நஷ்டம். திரையில் மூழ்கியிருப்பதே ஆட்டிசத்தின் வெளிப்பாடாகவும் இருக்கலாம். போனைக் குறைக்கச் சொல்லும் அதே நாளில் ஆட்டிசத்துக்கான எம்-சாட் வினாப்படிவச் சோதனையைச் செய்யுங்கள், தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புங்கள். எல்லாப் பழியையும் போன் மீது போட்டு, அதைக் கொடுத்த தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. சமையல், வேலை, கைக்குழந்தை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவர் அவர். நம் காத்திருப்பு அறையிலேயே கார்ட்டூன்தானே ஓடிக்கொண்டிருக்கிறது?

"போனை நிறுத்துங்கள்" என்பது அறிவுரை; அதோடு முடித்துக்கொண்டால் வைத்தியம் ஆகாது. நிறுத்திய முதல் சில நாட்கள் அழுகை முன்பைவிடக் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மனம் இளகி யாராவது கொடுத்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும், அடுத்த முறை நிறுத்துவது இன்னும் கடினமாகும். ஆகவே எல்லா வேளையையும் ஒரேயடியாகத் தொட வேண்டாம். சாப்பாட்டு வேளையை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, தாத்தா பாட்டி உட்பட வீட்டிலுள்ள அனைவரையும் அதற்கு ஒப்புக்கொள்ள வையுங்கள். பிள்ளை சோற்றைக் கீழே சிந்தட்டும், ஒரு வாரம் குறைவாகவே சாப்பிடட்டும். எடையை நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று தாயிடம் உறுதி சொல்லுங்கள். அந்த உறுதிதான் அவருக்கு வேண்டியது.

இதையெல்லாம் இரண்டரை வயதுவரை தள்ளிப்போடவும் தேவையில்லை. 9-ஆம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தை எப்படியும் நம்மிடம் வருகிறது. திட உணவு பழகும் பருவம் அது. பல வீடுகளில் போன் இன்னும் தட்டருகே வந்திருக்காது. சாப்பிடும்போது, அழும்போது, தூங்கப்போகும்போது போன் கொடுக்கிறீர்களா என்ற மூன்று கேள்விகளையும் அன்றே கேட்டு, பதிலை எடைக்கும் உயரத்துக்கும் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.