பாரி மகளிர் பாடினால் புறநானூறு, வள்ளியம்மாள் பாடினால் வெறும் 'ஃபோக்'கா?

பாப் டிலனுக்கு 2016இல் இலக்கியத்துக்கான நோபல் கொடுத்தபோது நம் ஊர்ச் சிற்றிதழ்க்காரர்கள்கூட அவருடைய பாட்டில் எந்தக் கவிஞரின் சாயல் இருக்கிறது என்று தேடித்தேடி எழுதினார்கள். அடுத்த ஆண்டு அவர் ஆற்றிய நோபல் உரையில் 'மோபி டிக்', 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்', 'ஒடிசி' என்று மூன்று நூல்களைத் தானே சொன்னார். கென்ட்ரிக் லமாருக்கு 2018இல் புலிட்சர் கிடைத்தது. அவருடைய ஒரு பாட்டின் தலைப்பும் வாலஸ் தர்மன் 1929இல் எழுதிய நாவலின் தலைப்பும் ஒன்று என்பதை வைத்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கட்டுரைகள் எழுதுகிறார்கள். நல்ல விஷயம். பாட்டு எழுதுகிறவனுக்கும் படிப்பு உண்டு, மரபு உண்டு, யாரிடமிருந்து எதை எடுத்தான் என்று கேட்கலாம் என்பதை அங்கே ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

இங்கே அறிவு என்று ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி வந்தவற்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். கோபம், வலி, மண்வாசனை, 'ரா'வான குரல். பாராட்டுபவர்களும் இந்த நான்கு சொற்களுக்குள்தான் சுற்றுகிறார்கள். முற்போக்காளர்களும் இதில் சேர்த்திதான். அவருக்குக் கோபம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு விமர்சகர் தேவையில்லை, காது இருந்தால் போதும். அந்தக் கோபம் எந்தப் புத்தகத்தை, எந்தப் பாட்டை, எந்த உரையைக் கடந்து வந்திருக்கிறது என்ற கேள்வியை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? தலித் கலைஞனுக்கு அனுபவம் இருக்கும், இலக்கியம் இருக்காது என்ற முடிவு பேனாவை எடுப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அவருடைய முதல் ஆல்பத்தின் பெயரிலேயே தொடங்கலாம். 2019இல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து அவர் வெளியிட்டது 'தெருக்குரல்'. திருக்குறளை வைத்து ஒரு சிலேடை என்று சிரித்துவிட்டுப் போய்விட்டோம். குறளின் பெயரை மாற்றிச் சொல்வது ஒரு பழைய வேலை, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் அந்த நூலைத் 'திரிக்குறள்' என்றுதான் எழுதினார். திரிபிடகத்தின் வழிவந்த பௌத்த நூல் அது என்பது அவருடைய வாதம். தன் 'தமிழன்' இதழில் அதற்கு உரை எழுதினார். 1914இல் அவர் இறந்தபோது அந்த உரை முடிந்திருக்கவில்லை. தம் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் பட்லராக வேலை பார்த்தவர், வீட்டில் இருந்த குறள் ஓலையை எல்லிஸிடம் சேர்த்ததால்தான் அது அச்சுக்குப் போனது என்றும் அவர் எழுதியிருக்கிறார். குறள் முதலில் அச்சான ஆண்டு 1812. பதிப்பு வரலாறு பேசும் மேடைகளில் கந்தப்பனின் பெயரை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

ஆக, 'திரு' என்ற அடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது நூலை யார் வீட்டுப் பொருளாகப் படிப்பது என்ற சண்டை. பண்டிதர் அதைப் பௌத்தத்துக்கு மீட்டார், அறிவு தெருவுக்குக் கொண்டுவந்தார். அறிவு முதலில் பாடிய குழுவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறியது. அதன் பெயரே பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற பேச்சிலிருந்து வந்தது. அந்தக் குழுவிலிருந்து வந்த ஒருவர் குறளின் பெயரில் கைவைக்கிறார் என்றால் அதைத் தற்செயலான சொல்விளையாட்டு என்று நான் படிக்க மாட்டேன். பெயர் தெரிந்த ஒரு ஐரோப்பியக் கவிஞனின் சாயல் இவ்வளவு வெளிப்படையாக ஒரு பாட்டுத் தொகுப்பின் தலைப்பில் இருந்திருந்தால் இந்நேரம் நான்கு கருத்தரங்கு நடந்திருக்கும்.

இனி 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்தது, உலகம் முழுக்கப் போனது. நிலமில்லாத கூலியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அது பிறந்தது என்று அறிவு பலமுறை சொல்லிவிட்டார். பாட்டுக்குள் ஒப்பாரி இருக்கிறது. வயலையும் குளத்தையும் அதில் வாழும் உயிர்களையும் கூப்பிட்டுப் பேசும் விளி இருக்கிறது. மரம் வைத்தவளுக்கு அந்தத் தோட்டத்தின் பலன் கிட்டாமல் போன துக்கம் இருக்கிறது. இதற்கு நம் ஊடகங்கள் வைத்த பெயர் 'ஃபோக்'.

புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்று பறம்பு மலையைப் பறித்துக்கொண்ட பிறகு அவன் மகளிர் பாடியது. போன நிலவில் எங்களுக்கு என்ன இருந்தது, இந்த நிலவில் என்ன இல்லை. அவ்வளவுதான் பாட்டு. நிலவு மாறவில்லை, அப்பனும் இல்லை, மலையும் இல்லை. இதற்குக் கையறுநிலை என்று துறைப் பெயர் கொடுத்தார்கள். பள்ளிப் பாடம், பல்கலைக்கழகப் பாடம், உலகச் செவ்வியல் இலக்கியம். நிலத்தைப் பறிகொடுத்த ஒரு பெண் அழுது பாடியது அங்கே செம்மொழி ஆகிறது. நிலத்தைப் பறிகொடுத்த இன்னொரு பெண் அழுது பாடியது இங்கே 'வைப்' ஆகிறது. என்ன வித்தியாசம் என்று நேரடியாகக் கேட்கிறேன். ஒருத்தி வேள்பாரியின் மகள், இன்னொருத்தி கூலிக்காரி. இதைத் தவிர வேறொரு இலக்கியக் காரணத்தை யாராவது காட்டட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பாரி மகளிரின் அந்தப் பாட்டின் தொடக்கத்தை எடுத்து 1997இல் 'இருவர்' படத்தில் ஒரு காதல் டூயட்டில் வைத்தார் வைரமுத்து. அப்பனை இழந்த பெண்களின் இழவுப் பாட்டு நாயகனும் நாயகியும் கொஞ்சிக்கொள்ளும் பாட்டானது. நல்ல பாட்டுதான், நானும் கேட்பேன். சங்க இலக்கியத்தைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார் என்று இன்றுவரை அதற்குப் பாராட்டு நிற்கவில்லை. துக்கத்தை எடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்தவருக்கு 'இலக்கியத் தாக்கம்' என்ற பட்டம். அதே துக்கத்தை, அது நடந்துகொண்டே இருக்கும் வீட்டிலிருந்து எடுத்துவந்தவருக்கு அந்தப் பட்டம் கிடையாது.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடலாம். அறிவுக்குச் சங்க இலக்கியச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறாயா, அது எதற்கு நமக்கு? நியாயமான கேள்வி. தமிழில் யாராவது ராப் பாடினால் உடனே அருணகிரிநாதர்தான் முதல் ராப்பர் என்று கிளம்பும் கூட்டத்தை எனக்கும் தெரியும். நான் சொல்வது நேரெதிர். சங்கப் பாட்டுகள் வாய்மொழிப் பாணர் மரபில் கிளைத்தவை என்று க. கைலாசபதி 1968இலேயே ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதிவிட்டார். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைப் பெயர் சொல்லி எண்ணுவது அதே புறநானூறுதான். செத்த வீட்டில் மாரடித்துப் பாடும் பெண்கள் ஏடு எழுதத் தொடங்கிய பிறகா வந்தார்கள்? கையறுநிலை ஒப்பாரியிடமிருந்து வாங்கியது என்றுதான் நான் படிக்கிறேன். கடன் கொடுத்தவள் வள்ளியம்மாளின் வழியில் வந்தவள், வாங்கியவர் புலவர். நாம் பேச வேண்டிய 'தாக்கம்' அந்தத் திசையில் ஓடுகிறது.

பாடியவர் பெயருக்கு வருகிறேன், ஏனென்றால் காசும் உரிமையும் அங்கேதான் இருக்கிறது. சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பாடியவர் பெயர் தெரியாமல் போன சில இடங்களில் அவர் பாட்டில் வந்த ஒரு உவமையை எடுத்து அதையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார், தேய்புரிப்பழங்கயிற்றினார். பெயர் தெரியாத இவர்களைப் பெயரில்லாதவர் என்று விட்டுவிட மனம் வரவில்லை அவர்களுக்கு. இரண்டாயிரம் ஆண்டு கழித்து, இருபதாம் நூற்றாண்டில், பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளைத் திறந்தால் பாட்டின் அடியில் 'சேகரித்தவர்' என்று ஒரு பெயர் இருக்கும், ஊர் இருக்கும். சில இடங்களில் 'உதவியவர்' என்று இன்னொரு பெயர் வரும். பாட்டைப் பாடிக் காட்டிய பெண் உதவியவர்! வானமாமலையின் உழைப்பு இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகளே நம் கைக்கு வந்திருக்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு மார்க்சிய அறிஞரின் தொகுப்பிலும் உழைத்தவள் உதவியாளர் ஆகிவிடுகிறாள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அயோத்திதாசருக்கே இது நடந்தது. வார இதழ் நடத்தியவர், இலக்கணமும் மருத்துவமும் கற்றவர், நூல்களுக்கு உரை எழுதியவர். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் 1999இல் மறுபடி வந்தபோது அவற்றை வெளியிட்டது பாளையங்கோட்டையில் இருக்கும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். அவர்கள் செய்தது பெரிய காரியம், நன்றி சொல்ல வேண்டியது. என் கேள்வி மற்ற தமிழ்த் துறைகளுக்கு. ஒரு பண்டிதரை எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வாய்மொழி வழக்காறு படிக்கும் துறை வந்துதான் தூக்கிவிட வேண்டியிருந்தது என்றால் இலக்கியத் துறைகள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தன? ஆய்வு மாணவர்களாகிய எங்களுக்கு இது தெரிந்த கதைதான். தலித் பாட்டு என்றால் 'நாட்டார்' பக்கம் அனுப்பு, அங்கே போனால் அது 'களஆய்வு', கவிதையியல் பேச இடமில்லை.

'நாட்டுப்புறப் பாட்டு எல்லாருக்கும் சொந்தம்' என்ற வாக்கியம் கேட்க இனிமையாக இருக்கும். ஆசிரியர் யாரென்று அடையாளம் தெரியாத மரபுப் பாட்டுக்குப் பதிப்புரிமை இல்லை, அதை எடுத்து இசையமைத்து வெளியிடுகிறவரின் வடிவத்துக்கு உரிமை உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. எனவே ஒரு வரி 'எழுதப்பட்டதா', 'சும்மா இருந்ததா' என்பது அழகியல் விவாதமாக மட்டும் நிற்பதில்லை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் இரண்டு பாட்டுகளைக் கொண்டாடினார்கள், இரண்டையும் எழுதிய அறிவு அந்த அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் கேட்டார், பலர் கேட்டார்கள், பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவரில்லாமல் மேடையேறியது. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்றார்கள். தீயும் சந்தோஷ் நாராயணனும் அறிவின் பங்கைத் தாங்கள் எப்போதும் சொல்லியே வந்திருப்பதாக விளக்கம் கொடுத்தார்கள். அவர்கள் மூவருக்குள் யார் எதை உருவாக்கினார்கள் என்று தீர்ப்பு எழுத நான் உட்காரவில்லை. அந்தப் பாட்டால் மூவருக்குமே வருமானம் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பொதுவில் சொன்னார். சுரண்டுகிறவன் எல்லாரையும் சுரண்டுவான்.

எனக்கு எரிச்சல் அந்த வாரங்களில் இணையத்தில் நடந்த பேச்சின் மேல். 'அது ஊரில் பாடுற பாட்டுதானே, அவன் என்ன எழுதினான்?' என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டார்கள்! டிலனும் ஊர்ப்பாட்டுகளை எடுத்துத்தான் பாட்டுக் கட்டினார். அவரிடம் அது மரபில் ஆழ்ந்திருப்பது. அறிவிடம் வந்தால் அது ஆசிரியர் இல்லாததற்குச் சாட்சி.

அந்த ஒப்பாரிக்குப் பின்னால் இருப்பது பொதுவான 'மண்' அல்ல, குறிப்பிட்ட நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலமின்மை பற்றி 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் என்று தெரியும். 1948இல் இலங்கை தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. அந்தத் தோட்டங்களின் பாட்டுகளை சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்திருக்கிறார், 'எஞ்சாமி' கேட்டவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஒரு தமிழ்க் கட்டுரை எனக்கு இன்னும் கண்ணில் படவில்லை. கடலின் இரு கரையிலும் நிலம் மறுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஒரு கவிதை மரபு இருக்கிறது, அதன் ஒரு கண்ணி இன்று ஹிப்ஹாப்பில் இருக்கிறது.

2024இல் வந்த தன் ஆல்பத்துக்கு அறிவு வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தன்னுடைய முன்னோடிக் கவிஞர் யார் என்பதை அட்டையிலேயே எழுதிவிட்டார். விமர்சகர்கள் அந்தப் பெயரையாவது சரியாக எழுதட்டும். நாட்டார் பாடல் தொகுப்பு போடும் பதிப்பாளர்கள் அடுத்த பதிப்பில் 'உதவியவர்' என்ற சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் 'பாடியவர்' என்று போடட்டும். ஒரு சொல்தான், அச்சுச் செலவுகூட அதிகமாகாது.