ரெண்டு ரெண்டா தெரியுதா? கண்ணாடிக் கடைக்கு ஓடாதீங்க

"டாக்டர், எதைப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டா தெரியுது. கண்ணாடி மாத்திட்டேன், அப்பவும் அப்படியேதான் இருக்கு."

ஓ.பி.யில இதை அடிக்கடி கேக்குறேன். கண்ணாடி, சொட்டு மருந்து எல்லாம் முடிச்சுட்டு, வாரக்கணக்குல கழிச்சுதான் வர்றாங்க. தப்பு அவங்க மேல மட்டும் இல்ல, எங்க மேலயும் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

முதல்ல வீட்டிலேயே செய்யக்கூடிய டெஸ்ட். ரெண்டா தெரியும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால மூடிப் பாருங்க. அப்புறம் அடுத்த கண்ணை. ஒரு கண்ணை மூடின பிறகும் திறந்திருக்கிற கண்ணுல ரெண்டா தெரிஞ்சா, கோளாறு அநேகமா அந்தக் கண்ணுக்குள்ளேயே: புரை, பவர், கண் வறட்சி மாதிரி. கண் டாக்டரை நிதானமா பார்க்கலாம்.

எந்தக் கண்ணை மூடினாலும் ஒண்ணாயிடுதா? அப்போ ரெண்டு கண்ணும் ஒரே திசையைப் பார்க்கலைன்னு அர்த்தம். கண்ணை அசைக்கிற தசைகளிலோ, அதுக்கு மூளையிலிருந்து வர்ற நரம்புகளிலோ, சில சமயம் மூளையிலேயோ பிரச்சினை. பவர் மாத்தினா இது தீராது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஐம்பது வயசு தாண்டின ஒருத்தர் வந்தார். தலைவலி, ரெண்டா தெரியுது, ஒரு பக்க இமை லேசா இறங்கியிருக்கு. சுகர் 300க்கு மேல. "சுகர்ல நரம்பு பாதிச்சிருக்கு"ன்னு நானே முடிவு பண்ணி, மாத்திரையும் பி காம்ப்ளெக்ஸும் எழுதிட்டேன். ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான் கேட்டாங்க: "சார், அந்தக் கண்ணு பாப்பா மட்டும் பெருசா இருக்கே?" டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பெருசாத்தான் இருந்தது, வெளிச்சத்துக்குச் சுருங்கவும் இல்ல. மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்ததுல மூளை ரத்தக்குழாய்ல வீக்கம். வெடிக்கிறதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆயிடுச்சு. அந்த அக்கா கேக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் யோசிப்பேன்.

விஷயம் இதுதான். பாப்பாவைச் சுருக்குற இழைகள் மூணாவது நரம்போட வெளிப்பக்கமா ஓடுது. வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினா முதல்ல அடி வாங்குறது அதுங்கதான். சுகர் பெரும்பாலும் நரம்போட உள்பக்கத்தைத் தாக்கும், பாப்பா தப்பிச்சிடும், சில மாசத்துல பார்வையும் தானா சரியாகும். ஆனா பாப்பா நல்லா இருக்குன்னு மட்டும் வெச்சு யாரும் நிம்மதியா வீட்டுக்கு அனுப்பக் கூடாது, நாளாக ஆக மாறலாம்.

ஆறாவது நரம்புன்னா கண் வெளிப்பக்கம் திரும்பாது, பக்கத்துல பக்கத்துல ரெண்டு பிம்பம், தூரத்துல பார்க்கும்போது அதிகம். இதுக்கும் சுகர் காரணமா இருக்கலாம். கூடவே தலைவலி, வாந்தின்னா மூளைக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கான்னு பார்த்தே ஆகணும்.

காலையில நல்லா இருந்து, சாயங்காலம் ஆக ஆக இமை தொங்கி ரெண்டா தெரியுதா? மயஸ்தீனியாவா இருக்கலாம். இதை "அசதி, தூக்கம் பத்தல"ன்னு சொல்லியே தள்ளிப்போடுறாங்க. முழுங்க, மூச்சு விட சிரமம்னா அன்னைக்கே அட்மிட் ஆகணும்.

நம்ம ஊர்ல இன்னொண்ணு. ராத்திரி தரையில படுத்தவர், விடிகாலையில வயித்து வலின்னு எழுந்து, இமை தூக்க முடியல, ரெண்டா தெரியுதுன்னா, கட்டுவிரியன் கடியான்னு யோசிக்கணும். கடிச்ச தடம் தெரியாம இருக்கலாம், வலி வீக்கமும் இருக்காது. "பாம்பைப் பார்க்கலையே"ன்னு வீட்டுல உட்கார்ந்தா அடுத்து மூச்சுத் தசை நிக்கும். அரசு மருத்துவமனையில விஷமுறிவு மருந்து இலவசம், நேரா வாங்க.

ஓ.பி.யில கூட்டம் அதிகம்தான், நானும் அதே கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்கேன். ஆனா ஒரு கண்ணை மூடச் சொல்ல, டார்ச் அடிக்க, விரலைக் காட்டி நாலு பக்கமும் பார்க்கச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். இதைச் செய்யாம விட்டமின் எழுதுறதை நான் வைத்தியம்னு சொல்ல மாட்டேன்.

நீங்க வரும்போது "கண்ணு சரியில்ல"ன்னு சொல்லாதீங்க, கண் சீட்டு போட்டு உட்கார வெச்சிடுவாங்க. "திடீர்னு ரெண்டா தெரியுது, ஒரு கண்ணை மூடினா சரியாகுது"ன்னு சொல்லுங்க. எப்போ ஆரம்பிச்சதுன்னும் சொல்லுங்க. கூடவே கடுமையான தலைவலி, வாய் கோணல், பேச்சு குழறல், கை கால் இழுக்கிறதுன்னா ஓ.பி. வரிசையே வேண்டாம், 108 கூப்பிடுங்க. அதுவரைக்கும் வண்டி மட்டும் ஓட்டாதீங்க.