வன்னி மண்ணும் பிற்காலத் தொல்லியலும்

தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டவுடன் மிகு பழங்காலத்தையே நினைத்தல் நம்மவர் இயல்பாயிற்று. 1980 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்து, எழுத்துப் பொறித்த முத்திரையைக் கண்டெடுத்த வரலாற்றை யாம் பெருமையுடன் மாணாக்கர்க்குக் கூறிவருகின்றோம். அது தக்கதே. ஆயினும், ஆரியச் சக்கரவர்த்திகளும், வன்னியரும், போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும் ஆண்ட நூற்றாண்டுகளுக்கு அத்துணை மதிப்பை யாம் அளிப்பதில்லை.

இத்துறையில் உழைத்தோர் இலர் என்பதன்று. பேராசிரியர் சி. பத்மநாதன் யாழ்ப்பாண அரசின் வரலாற்றை 1978 இல் நூலாக்கினார். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் எம் மாவட்டத்துப் பூநகரியைக் கள ஆய்வு செய்து 1993 இல் நூல் வெளியிட்டார்; சேது நாணயங்களையும் ஆராய்ந்தார். அவர்கள் இட்ட அடியைத் தொடர்வோர் பலர் வேண்டும் என்பதே எம் கருத்து.

பிற்காலத்துக்கு ஏடுகள் உளவே, அகழ்வு எதற்கு என்பர் சிலர். ஒல்லாந்தர் ஏடுகள் வன்னியர் செலுத்த வேண்டிய யானைத் திறையைக் கணக்கிட்டன. உழவன் உண்ட கலத்தையும் குடியிருந்த மனையையும் யார் கணக்கிட்டார்? பண்டார வன்னியன் 1803 இல் தோற்ற இடத்தைக் குறித்துக் கற்சிலைமடுவிற் கல் நாட்டியவர் அவனை வென்ற இனத்தவரே. அவன் வாழ்ந்த வாழ்வைச் சொல்லவல்லது மண் ஒன்றே. உடைந்த சீனக் கலத்தின் ஓடும், தூர்ந்த குளத்தின் துருசும் அறிந்தவன் கண்ணுக்குக் காலங்காட்டும் சான்றுகள். அறியாதவனுக்கோ வெறுங் குப்பை.

2009 ஆம் ஆண்டின் பின் மீள்குடியேறிய எம் மக்கள் காடு வெட்டி, வரம்பு கட்டி, வீடு எழுப்பினர். அது வாழ்வுக்கு இன்றியமையாத பணி. ஆயின் இயந்திரம் ஒருமுறை புரட்டிய மண்ணடுக்கை மீள அடுக்க எவராலும் இயலாது.

ஆதலின் இவ்விழாக் காலத்தில் மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். பல்கலைக்கழகம் இடைக்காலத்துக்கும் பிற்காலத்துக்கும் தனித் தேர்ச்சியுடையோரை வன்னியிலிருந்தே உருவாக்குக. பழைய மாணவர் அத்தகைய மாணாக்கர் ஒருவருக்கேனும் பொருளுதவி புரிக. கண்டாவளை வயல்களில் பழம்பொருள் காணும் இளைஞர், அதனைப் பெயர்த்தெடாது, இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் அறிவிக்குக.

பாட்டன் பெயரை மறந்து மூதாதையின் புகழை மட்டும் பேசுவோன் குலவரலாறு நடுவே அறுந்ததேயாம். அவ்வறுந்த இழையை முடிதல் நம் கடன்.