புது எஞ்சின் சரி, பிரேக் பிடிக்குமா?

அம்பாசடர் கார் இன்னும் ஒழிந்துவிடவில்லை.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் 1957-ம் ஆண்டு முதல் அந்தக் கார் தயாராயிற்று. 2014-ம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றது. ஆனால் ஏற்கெனவே விற்ற கார்கள் என்ன ஆயின? பல கார்கள் உடைத்து எடைக்குப் போடப்பட்டன. மற்றவை ஊருக்கு ஊர் கொட்டகையில் நிற்கின்றன. மேலே தூசி. உள்ளே எலிக் கூடு.

தாத்தா வாங்கிய கார். அப்பா ஓட்டிய கார். அத்தையின் கலியாண ஊர்வலம் போன கார். அதை விற்க யாருக்கும் மனம் வருவதில்லை. "இதைச் சரி செய்து ஓட்டினால் என்ன?" என்று ஒரு நாள் பேரன் கேட்கிறான்.

நல்ல கேள்வி. நல்ல ஆசையும்கூட. ஓடக்கூடிய பொருளைக் குப்பையில் போடாமல் காப்பாற்றுவது சிக்கனம். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அடுத்தபடியாகப் பேரன் என்ன செய்கிறான்? நேராக எஞ்சின் தேடிப் போகிறான். "பழைய எஞ்சின் இழுக்காது, பெரிய எஞ்சின் போடு" என்கிறார்கள் நண்பர்கள். புது எஞ்சின், புது ரெக்சின், புது பெயிண்ட். கார் பளபளக்கிறது. வீட்டில் உள்ள எல்லோரும் ஏறி உட்காருகிறார்கள்.

பிரேக்? அது மட்டும் தாத்தா காலத்துப் பிரேக்!

இது சரியல்ல என்று சொல்லவே இன்று இதை எழுதுகிறோம்.

கம்பெனி என்ன செய்தது?

அம்பாசடர், இங்கிலாந்து நாட்டின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரைப் பார்த்துச் செய்யப்பட்டது. நெடுங்காலம் அதில் இருந்தது 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதன் சக்தி சுமார் 50 குதிரைச் சக்தி. நிதானமான எஞ்சின்.

1990-களின் தொடக்கத்தில் கம்பெனியே எஞ்சினை மாற்றியது. ஜப்பான் நாட்டு இசுசு கம்பெனியின் 1,800 சி.சி. எஞ்சினைப் போட்டது. அதன் சக்தி சுமார் 75 குதிரைச் சக்தி. அதாவது, பழையதைப் போல ஒன்றரை மடங்கு!

எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுக் கம்பெனி சும்மா இருந்ததா? இல்லை. ஐந்து கியர் உள்ள புது கியர் பாக்ஸ் வந்தது. ஸ்டீரிங் தண்டில் இருந்த கியர் கம்பு தரைக்கு இறங்கியது. பிறகு முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. மோதினால் டிரைவரின் மார்பில் குத்தாமல் மடங்கும் ஸ்டீரிங்கும் வந்தது.

காரைச் செய்த கம்பெனிக்கே இத்தனை மாற்றம் தேவைப்பட்டது. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதும் என்று நாம் எப்படி நினைக்கலாம்?

சென்னையில் ஒரு பாடம்

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அது நம் சென்னைக் கதை.

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற சின்னக் காரைச் செய்து பெயர் வாங்கிய கம்பெனி அது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரை வெளியிட்டது. உடல், இங்கிலாந்தின் ரோவர் கார். அழகான உடல். ஆனால் உள்ளே வைத்தது பழைய வான்கார்டு காரின் எஞ்சின் வகை. அது 1940-களில் பிறந்தது!

புதுச் சட்டைக்குள் கிழ இதயம். கார் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று.

இந்தக் கதை என்ன சொல்கிறது? கார் என்பது பல பாகங்களின் கூட்டுக் குடும்பம். ஒன்று மட்டும் இளமையாகவும் மற்றவை கிழமாகவும் இருந்தால் குடும்பம் நடக்காது. எஞ்சினும் உடலும் பிரேக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம்!

பிரேக்கைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறோம்? ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள்.

மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் காரைப் பிரேக் அழுத்தி நிறுத்துகிறோம். கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது. அதே காரை 80 கிலோ மீட்டர் வேகத்தில் நிறுத்தினால் எத்தனை தூரம் ஓடும்? இரண்டு மடங்கு என்று நினைப்போம். அது தவறு. நான்கு மடங்கு தூரம் ஓடும்! வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் தின்ன வேண்டிய சக்தி நான்கு மடங்கு ஆகிறது.

பழைய அம்பாசடரின் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். மலைச் சாலையில் இறங்கும்போது அடிக்கடி மிதித்தால் டிரம் சூடாகிவிடும். சூடேறினால் பிடிப்புக் குறையும். நிதானமான எஞ்சினுக்கு அது போதும். வேகமான எஞ்சினுக்குப் போதாது.

எது முதலில்?

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில், காரின் அடிப்பாகம். அம்பாசடருக்கு லாரியைப் போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. உடலேதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. தரைத் தகடு துருப்பிடித்தால் காரின் எலும்பே உளுத்துப்போனதாக அர்த்தம். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் தட்டிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். மேலே பட்டி பூசி மறைப்பது ஏமாற்று வேலை. சுவர் இருந்தால்தான் சித்திரம்!

இரண்டாவது, பிரேக், ஸ்டீரிங், டயர். பெரிய எஞ்சின் வேண்டுமானால் அதற்கு ஏற்ற பிரேக்கை முதலில் போடுங்கள். ஓடாத காரின் டயர், பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே வெடித்திருக்கும்.

மூன்றாவது, பெட்ரோல் குழாயும் வயரிங்கும். இப்போது நாடெங்கும் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர்க் குழாய் இதைத் தாங்காது, ஊறிக் கெட்டுப்போகும். பெட்ரோல் சொட்டும். பழைய வயரில் பொறி கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவை இரண்டையும் முழுவதும் மாற்றிவிடுங்கள்.

நான்காவதுதான் எஞ்சின். சென்னைப் புதுப்பேட்டையைப் போன்ற இடங்களில் பழைய எஞ்சின் கிடைக்கும். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். எண்ணை ராவி அழித்த எஞ்சினைத் தொடவே தொடாதீர்கள். அது திருட்டுக் காரின் எஞ்சினாக இருக்கலாம்! எஞ்சினோடு கிளட்ச், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், முன் ஸ்பிரிங் எல்லாம் பொருந்துகின்றனவா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கடைசியில் குஷன். இருக்கையைப் பிரித்து, ஒடிந்த ஸ்பிரிங்கை மாற்றி, நல்ல ரெக்சின் போடுங்கள். அப்போதே சீட் பெல்ட்டும் வைத்துவிடுங்கள். பெல்ட்டை மெல்லிய தகட்டில் முடுக்கினால் பயன் இல்லை. காரின் கெட்டியான பாகத்தில் முடுக்க வேண்டும். பெண்களும் குழந்தைகளும் உட்காரும் பின் இருக்கைக்கும் பெல்ட் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இத்தனை வேலையையும் தொடங்குமுன் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

உங்கள் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதில் எஞ்சின் எண் இருக்கிறது. எஞ்சின் மாறினால் அந்த எண்ணும் மாற வேண்டும். அதற்கு அதிகாரியின் அனுமதி வேண்டும். பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சினைப் போடுகிறவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை.

வேறு வகை எஞ்சின் போட்டால்தான் தகராறு. காரைச் செய்த கம்பெனி சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. விபத்து நேர்ந்தால், "சொல்லாமல் எஞ்சினை மாற்றினீர்கள்" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கலாம்.

50 வயது தாண்டிய காரா? பொறுங்கள்! 2021-ல் வந்த விதிப்படி அதைப் 'பழம்பெரும் கார்' என்று தனியாகப் பதிவு செய்ய முடியும். ஆனால் எஞ்சினும் உடலும் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் அந்தப் பெருமை போய்விடும். கண்காட்சிக்கு வைக்கப் போகிறீர்களா, தினம் ஓட்டப் போகிறீர்களா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை

சட்டம் கண்டிப்பாக இருப்பது நல்லதுதான். ஆனால் வழி தெரியாதவனுக்கு வழி காட்டுவதும் அரசாங்கத்தின் கடமை அல்லவா?

எந்த எஞ்சின் மாற்றத்துக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை, என்ன காகிதம் வேண்டும், என்ன கட்டணம் என்று எளிய தமிழில் ஒரு பலகை எழுதி, ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலும் மாட்ட வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாதிரிக் காரில் இரண்டு வகை எஞ்சின் போட்டு விற்றிருக்கிறது. அப்படிப்பட்ட மாற்றத்தைப் பரிசோதித்து, பிரேக்கும் சரியாக இருந்தால் அனுமதிக்க ஒரு தெளிவான வழி வேண்டும். வழி தெளிவாக இருந்தால் யாரும் குறுக்கு வழியில் போக மாட்டார்கள்.

மெக்கானிக் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கம்பெனி போய்விட்டது. இந்தக் கார்களுக்கு இனி நீங்கள்தான் வைத்தியர். "எஞ்சின் மட்டும் போடு" என்று சொந்தக்காரர் சொன்னால், "பிரேக்கைப் பார்க்காமல் போட மாட்டேன்" என்று சொல்லுங்கள். ஒரு வேலை கை நழுவிப் போகலாம். ஒரு குடும்பம் பிழைக்கும்.

தாத்தாவின் காரைக் காப்பாற்ற நினைப்பது நல்லது. அதில் ஏறும் பேரக் குழந்தைகளைக் காப்பாற்றுவது அதைவிட முக்கியம். வேகமாக ஓடும் காரைவிட, மிதித்த இடத்தில் நிற்கும் காரே நல்ல கார்.