வைக்கோல் கொடாமல் செங்கல் கேட்போர்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நகைக்கடையில் பணிபுரியும் நம் சபைச் சகோதரி ஒருவர் நகைச் சேமிப்புத் திட்டப் படிவத்தோடு என்னிடம் வந்தார். மாத முடிவுக்குள் 20 பேரைச் சேர்க்க வேண்டும், தவறினால் ஊக்கத்தொகை கிடையாது என்று கண்கலங்கினார். உறவினரையெல்லாம் சேர்த்தாயிற்று; மீதியிருப்பது சபைதான்.

எகிப்தில் ஆளோட்டிகள் வைக்கோல் கொடாமல் செங்கல் கணக்கை மட்டும் கேட்டதை யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இதுவும் அதுவே.

2023-இல் திருச்சி பிரணவ் ஜுவல்லர்ஸ் கிளைகள் மூடப்பட்டன. அதிக இலாபம் தருவதாகக் கூறி மக்களிடம் 100 கோடி ரூபாய் திரட்டியதாக அமலாக்கத் துறை தெரிவித்தது. எல்லாக் கடைகளும் அப்படியல்ல. ஆனால் ஒரு கடை மூடப்பட்டால், வாரக்கூலியை மிச்சம் பிடித்துக் கட்டிய பனியன் கம்பெனித் தொழிலாளி முதலாளியை எங்கே காண்பார்? தம்மைச் சேர்த்த பெண்ணின் வாசலில்தான் நிற்பார்.

நான் சேரவில்லை. சேர்ந்தால் அடுத்த மாதக் கணக்கு குறையப்போவதில்லை. மாறாக, அவருடைய மேலாளரிடம் உடன்வந்து பேசுவதாகச் சொன்னேன்.

பிரியமானவர்களே, இரக்கத்திற்காகக் கையெழுத்திடாதீர்கள். தவணை தவறினால் என்ன ஆகும், பணமாகத் திரும்பக் கிடைக்குமா, செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று கேட்டறிந்து, நகை தேவையானால் மட்டும் சேருங்கள். கடை நடத்தும் சகோதரரே, விற்பனைப் பெண்ணின் ஊதியத்தை அவருடைய உறவுகளின் எண்ணிக்கையோடு கட்டாதீர்கள். செங்கல் சுமந்தவர்களின் கூக்குரலைக் கேட்ட தேவன் இன்றும் கேட்கிறார்.