சூடு என்னும் பொய்

சிறுநீரில் செந்நிறம் கண்ட ஒருவர் தம் வீட்டாரிடம் வாய் திறப்பதற்கே ஒரு திங்கள் ஆகிறது. திறந்தபின் அவர் பெறும் மறுமொழி ஒரே சொல்தான்: சூடு! சிகாமாட்டுத் தோட்டக் குடியிருப்பிலும் கூலாய் அடுக்குமாடியிலும் அதுவே மருத்துவம். இளநீர் அருந்துவார், பார்லித் தண்ணீர் அருந்துவார், இரண்டொரு நாளில் குருதி நின்றுவிடும். சூடு தணிந்தது என்று வீடே மகிழும்.

கேடு அங்கேதான் தொடங்குகிறது. சிறுநீர்ப்பைப் புற்று பெரும்பாலும் வலியின்றிக் குருதி காட்டும், தானே நிறுத்தும், மாதங்கள் கழித்து மீண்டும் காட்டும். நின்றது இளநீரால் அன்று. அந்நோயின் இயல்பே அது. சிவந்த நீரெல்லாம் புற்று அன்று. கல்லாகவும் கிருமியாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்ல வேண்டியது சோதனையே அன்றிப் பாட்டி அல்லள்.

உலகளவில் நோயுறுவோருள் ஏறத்தாழ நான்கில் மூவர்க்கு, கண்டறியும்போது புற்று பையின் தசையைத் தொட்டிருப்பதில்லை. அந்நிலையில் வயிற்றைக் கிழிக்க வேண்டா; சிறுநீர் வழியே கருவி செலுத்திச் சுரண்டி எடுப்பர். மீண்டும் முளைக்கும் அச்சம் மிகுந்தோர்க்குக் காசநோய்த் தடுப்புமருந்தாகிய பி.சி.ஜி.யையே பையினுள் இடுவர். மொராலஸ் என்னும் மருத்துவர் 1976இல் வெளியிட்ட முறை அது. அமெரிக்கக் கணக்கின்படி, பையளவில் நின்ற நோயினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். தொலைவுறுப்புகளுக்குப் பரவியபின் பத்துப் பேர்கூட இல்லை.

சீனத்துத் தலைமையமைச்சர் சூ என்லாய்க்கு 1972இல் இந்நோய் கண்டறியப்பட்டது. மருத்துவத்திற்கு மாவோவின் ஒப்புதல் வேண்டியிருந்தமையால் காலம் கடந்தது. 1976 சனவரியில் மறைந்தார். அவரைத் தடுத்தவர் ஒரு தலைவர். நம்மவரைத் தடுப்பவர் யார்? ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறதே!

எழுதுவோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. நம் கதைகளில் புற்று வந்த பாத்திரம் பிழைத்தெழக் கண்டவர் எத்தனை பேர்? கதையை முடிக்கத் தெரியாதபோதெல்லாம் புற்றுநோயை அழைத்துக்கொண்டோம். படித்தவனும் 'தெரிந்து என்ன பயன்' என்று வீட்டில் முடங்குகிறான். மீளவும் தோன்றுவது இந்நோயின் வழக்கம் ஆதலால் ஆண்டுக்கணக்கில் உள்நோக்கிச் சோதனைக்குச் செல்லவேண்டும். அதையும் இந்த மனநிலையே பாதியில் நிறுத்துகிறது. காரணங்களுள் தலையாயது புகைப்பழக்கம் என்பதை எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை.

வகுப்பில் 'சிறுநீர்' என்ற சொல் வந்தால் மாணவர் நகைக்கின்றனர். ஆசிரியரும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். நகைத்த மாணவனின் பாட்டனார் அப்பொழுது வீட்டில் இளநீர் அருந்திக்கொண்டிருக்கிறார்.